கருக்கலைப்பை எதிர்ப்பவர் யாருக்கு வாக்களிப்பது? 2024 குடியரசுக் கட்சி வேட்பாளர்கள்: ஓர் ஒப்பீடு

1973 முதல் 2022 வரை, அமெரிக்காவில் கருக்கலைப்பை எதிர்த்த ஒரு வாக்காளருக்கு அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய குழப்பம் இருந்ததில்லை. கருக்கலைப்பை நாடு முழுவதும் அரசியலமைப்பு உரிமையாக்கிய ரோ எதிர் வேட் தீர்ப்பைக் கவிழ்க்கும் நீதிபதிகளை யார் நியமிப்பார் என்ற ஒரே கேள்விதான் இருந்தது. 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, முடிவை மக்கள் பிரதிநிதிகளிடமே விட்டுவிட்டது. ஐம்பது ஆண்டுகளாகக் காத்திருந்தது கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன என்பதில்தான் கட்சி உடைந்தது.

2023 இலையுதிர்காலத்தில் அயோவா மாநிலத்துக் குடியரசுக் கட்சியினர் முன் நின்ற வேட்பாளர்களில் ஏறக்குறைய எல்லோருமே தங்களை உயிரைக் காப்பவர்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. அங்கே காகஸுக்கு, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடி வாக்களிக்கும் கூட்டத்துக்கு, போகிறவர்களில் பாதிக்கு மேல் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள். கரு உண்டான கணத்திலிருந்தே அது ஒரு மனித உயிர் என்பது அவர்களில் பெரும்பாலோரின் உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு எல்லோரும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அதை மனதார நம்பும் ஒருவர் எந்த வேட்பாளரை எப்படி எடைபோட வேண்டும் என்பது கவனமாக யோசிக்க வேண்டிய கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்தலில் எல்லோரும், எத்தனை வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடைசெய்வது என்ற வாரக் கணக்கை வைத்தே வேட்பாளர்களை அளந்தார்கள். அது தவறான அளவுகோல். அதிபர் ஒருவரின் கையில் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது, அதைப் பற்றி இவர் எழுத்தில் என்ன கொடுத்திருக்கிறார், இவருக்கு நம் வாக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்ற மூன்றையும்தான் பார்த்திருக்க வேண்டும்.

வாரக் கணக்கு ஏன் உதவாது? நாடு முழுவதற்கும் 15 வாரத் தடை என்பது கேட்பதற்குக் கடுமையாக இருக்கும். ஆனால் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புள்ளிவிவரப்படி, கருக்கலைப்புகளில் சுமார் 93 சதவீதம் 13 வாரங்களுக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. கருவுற்ற கணத்திலிருந்தே உயிர் என்று நம்புகிறவருக்கு 15 வாரச் சட்டம், பத்தில் ஒன்பதுக்கு மேல் தொடாமல் விட்டுவிடும் சட்டம். 6 வாரத் தடை வேறு ரகம். அந்த வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதாவது மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனித்த பிறகு ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டே வாரம். பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அதற்குள் தெரியாது. நடைமுறையில் இது கிட்டத்தட்ட முழுத் தடை. ஆக 15, 6 என்ற இந்த இரண்டு எண்களும் ஒரே கொள்கையின் மென்மையான வடிவமும் கடுமையான வடிவமும் அல்ல. இரண்டும் வேறு வேறு கொள்கைகள்.

இந்த இரண்டில் எதையுமே அதிபர் தனியாகக் கொண்டுவர முடியாது என்பது இன்னும் முக்கியம். 100 பேர் கொண்ட செனட்டில் இப்படிப்பட்ட மசோதா நகர வேண்டுமானால் 60 வாக்குகள் வேண்டும். 2023-இல் குடியரசுக் கட்சிக்கு இருந்தது 49. 2022 செப்டம்பரில் குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சே கிரஹாம் 15 வார மசோதாவைக் கொண்டுவந்தபோது, அவருடைய கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானலே எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இதை மாநிலங்களிடம் விடவே விரும்புகிறார்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்.

சரி, வேட்பாளர்களுக்கு வருவோம்.

டிரம்ப்பின் முதல் ஆட்சியில் துணை அதிபராக இருந்த மைக் பென்ஸின் உறுதியில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கருக்கலைப்பும் செய்யும் மருத்துவ மையங்களை நடத்தும் பிளாண்ட் பேரண்ட்ஹுட் அமைப்புக்குப் போகும் மத்திய அரசுப் பணத்தை நிறுத்தும் மசோதாவை 2007-லேயே காங்கிரஸில் கொண்டுவந்தவர் அவர். இண்டியானா கவர்னராக இருந்தபோது, 2016-இல், கருவின் பாலினத்தையோ குறைபாட்டையோ காரணமாகக் காட்டிக் கருக்கலைப்பு செய்வதைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். எல்லா வேட்பாளர்களும் குறைந்தது 15 வாரத் தேசியத் தடையை ஆதரிக்க வேண்டும் என்று அவர் அறைகூவல் விடுத்தார். பிழைக்கவே வாய்ப்பில்லாத கருவானாலும் கலைக்கக் கூடாது என்றும் 2023-இல் ஒரு பேட்டியில் சொன்னார்.

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. அதை மழுப்ப விரும்பவில்லை. 2023 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு கர்ப்பிணி, தன் கருவுக்கு உயிர் பிழைக்க முடியாத மரபணுக் குறைபாடு இருக்கிறது, கர்ப்பம் தொடர்ந்தால் இனிமேல் குழந்தை பெறும் வாய்ப்பையே இழக்க நேரலாம் என்று நீதிமன்றத்தை நாடினார். மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் வேறு மாநிலத்துக்குப் போய்ச் சிகிச்சை பெற்றார். ஏற்கெனவே பிள்ளைகள் உள்ள, இன்னும் பெற விரும்பிய ஒரு தாய் அவர். உயிரைக் காப்பதே தன் அரசியல் என்று சொல்லும் வேட்பாளர், மருத்துவர் எந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லும் சட்டத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். அது தெளிவில்லாமல் இருந்தால், சிறைக்குப் பயந்து மருத்துவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் அடிபடுகிறவள் தாய். கருக்கலைப்பை எதிர்க்கும் வாக்காளர்தான் இந்தக் கேள்வியை மற்ற எல்லோரையும்விட உரக்கக் கேட்க வேண்டும் என்பேன். ஏனென்றால் அவர் பெயரைச் சொல்லித்தான் அந்தச் சட்டங்கள் எழுதப்படுகின்றன.

தென் கரோலினா செனட்டர் டிம் ஸ்காட் 2023 ஏப்ரலில் முதலில் தடுமாறினார். பிறகு 15 வாரத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர் என்பதைத் தாண்டி, இந்த விஷயத்தில் அவரைப் பென்ஸிடமிருந்து பிரித்துக் காட்டும்படி ஒன்றும் இல்லை.

அப்போது புளோரிடா கவர்னராக இருந்த ரான் டிசான்டிஸின் பலம் அவருடைய கையெழுத்து. 2022 ஏப்ரலில் 15 வாரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஓராண்டு கழித்து, 2023 ஏப்ரல் 13 அன்று, 6 வாரச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். புளோரிடா சின்ன மாநிலம் அல்ல. சுற்றியுள்ள தென்மாநிலங்களில் தடை வந்த பிறகு அங்கிருந்து பெண்கள் தேடிவந்த இடம் அது. ஆகவே அந்த ஒரு கையெழுத்தின் விளைவு பெரியது. அதே சமயம், 15 வாரச் சட்டத்துக்குப் பெரிய விழா எடுத்தவர், 6 வாரச் சட்டத்தில் இரவு நேரத்தில், அறைக்குள் கையெழுத்திட்டார். தேசியத் தடை பற்றிக் கேட்டபோது பல மாதங்கள் நேரடிப் பதில் தராமல் நழுவினார். செய்ததை வைத்துப் பார்த்தால் கவர்னர்களில் அவருக்கு ஈடு வடக்கு டகோட்டாவின் டக் பர்கம்தான். பர்கம் அதே மாதம் கிட்டத்தட்ட முழுத் தடைக்கே கையெழுத்திட்டார், ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே தடை என்பதை ஏற்க மாட்டேன் என்றார். முரண்பாடுபோலத் தெரிந்தாலும் இது நேர்மையான நிலைப்பாடு. டாப்ஸ் தீர்ப்பு சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டவர் அவர்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான விவேக் ராமசாமியும் இதே வாதத்தைத்தான் வைத்தார். கொலைக் குற்றமே மாநிலச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது, ஆகவே இதுவும் மாநிலங்களுக்கே என்றார். மாநிலங்களின் 6 வாரச் சட்டங்களை ஆதரித்தார். ஆனால் சட்டத்தில் கையெழுத்திடும் இடத்தில் அவர் இருந்ததே இல்லை. எடைபோட வெறும் பேச்சுதான் இருந்தது.

நிக்கி ஹேலியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். மில்வாக்கியில் 2023 ஆகஸ்ட் 23 அன்று நடந்த முதல் விவாதத்தில், செனட் கணக்கை மேடையிலேயே போட்டுக் காட்டியவர் அவர் ஒருவர்தான். 60 வாக்கு இல்லாமல் எந்தக் குடியரசுக் கட்சி அதிபரும் தேசியத் தடை கொண்டுவர முடியாது, மக்களிடம் முடியாததைச் சொல்லாதீர்கள் என்றார். கடைசி மாதக் கருக்கலைப்பைத் தடுப்பது, தத்தெடுப்பை ஊக்குவிப்பது, மனசாட்சிக்கு விரோதமென்றால் மருத்துவர் மறுக்க இடம் தருவது, கருக்கலைத்த பெண்ணைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பது என எல்லோரும் ஒப்புக்கொள்ளக் கூடிய விஷயங்களில் தொடங்கலாம் என்றார். கருத்தொற்றுமை என்பது தலைமைக்கு நேர் எதிரானது என்று பென்ஸ் திருப்பிச் சொன்னார். அரங்கில் கைத்தட்டல் விழுந்தது. ஆனால் கணக்கு ஹேலி பக்கம் இருந்தது. தென் கரோலினா கவர்னராக 2016-இல் 20 வாரத் தடையில் கையெழுத்திட்டவர்தான் அவர். இப்போது கவர்னராக இருந்திருந்தால் 6 வாரச் சட்டத்திலும் கையெழுத்திட்டிருப்பேன் என்று அந்த நவம்பரில் அயோவாவில் சொன்னார். அவருடைய தொனி மென்மையாக இருந்ததால் கொள்கையும் மென்மையானது என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

டொனால்ட் டிரம்ப் அந்த விவாத மேடைக்கே வரவில்லை. அவரிடம் ஒரு வாதம் இருந்தது: ரோ தீர்ப்பைக் கவிழ்த்த நீதிபதிகளில் மூன்று பேரை நியமித்தது நான். அது முழு உண்மை. கோர்சச், கவனா, பாரெட் மூவரும் இல்லாமல் டாப்ஸ் தீர்ப்பு இல்லை. ஆனால் அதே டிரம்ப், 2023 செப்டம்பரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் டிசான்டிஸின் 6 வாரச் சட்டத்தை மோசமான தவறு என்றார். தேசியத் தடை பற்றிக் கேட்டபோதெல்லாம், இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும்படி ஒரு எண்ணைப் பேசிமுடிப்பேன் என்று கழுவிய மீனில் நழுவிய மீனாக இருந்தார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நீதிபதி நியமனத்தில் குடியரசுக் கட்சி அதிபர்களை நம்பி இந்த இயக்கம் எத்தனை முறை ஏமாந்தது தெரியுமா? ரோ தீர்ப்பை எழுதிய பிளாக்மன், நிக்சன் நியமித்தவர். அதை எதிர்த்து எழுதிய இருவரில் ஒருவரான பைரன் ஒயிட்டோ ஜனநாயகக் கட்சியின் கென்னடி நியமித்தவர். 1992-இல், கருக்கலைப்புக்குக் கட்டுப்பாடுகள் விதித்த பென்சில்வேனியா சட்டம் பற்றிய கேசி வழக்கு வந்தபோது ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் குடியரசுக் கட்சி அதிபர்களால் வந்தவர்கள். இந்த முறை ரோ விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ரீகன் நியமித்த ஓ'கானர், அந்தனி கென்னடி, மூத்த புஷ் நியமித்த சூட்டர் ஆகிய மூவரும் சேர்ந்து அதன் அடிப்படையைக் காப்பாற்றினார்கள். ரீகன் மனதார எதிர்த்தவர்தான். ஆனால் அவருடைய நம்பிக்கை நியமனமாக மாறவில்லை.

டிரம்ப் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. 1999-இல் தொலைக்காட்சியில் தான் முழுக்க முழுக்கப் பெண்ணின் தேர்வுரிமைப் பக்கம் என்று சொன்னவர் அவர். 2016 ஜனவரியில், அயோவா காகஸுக்கு முன், மார்ஜரி டானன்ஃபெல்சர் உள்ளிட்ட கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கப் பெண் தலைவர்கள், டிரம்ப்பைத் தவிர யாருக்கு வேண்டுமானாலும் வாக்களியுங்கள் என்று கடிதமே வெளியிட்டார்கள். டிரம்ப்புக்கு அது தெரியும், தன்னை நம்பவில்லை என்பதும் தெரியும். அதனால்தான் அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கு யாரை நியமிப்பேன் என்று 11 பெயர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். செப்டம்பரில் இன்னும் 10 பெயர்களைச் சேர்த்து 21 ஆக்கினார். கோர்சச் பெயர் அதில்தான் வந்தது. நம்பப்படாத வேட்பாளர், நம்பிக்கையை வாங்க எழுத்தில் கொடுத்தார். கொடுத்ததைச் செய்தும் காட்டினார்.

இதிலிருந்து எனக்குப் புரிவது, வேட்பாளரின் உள்ளத்தைவிட அவருடைய தேவைதான் பெரிது என்பது. 2016-இல் டிரம்ப்புக்கு இந்த வாக்காளர்கள் தேவைப்பட்டார்கள். 2024-இல் அவர்கள் ஏற்கெனவே அவர் கையில் இருந்தார்கள். டானன்ஃபெல்சரின் அமைப்பு, 15 வாரத் தேசியத் தடையை ஏற்காத எந்த வேட்பாளரையும் எதிர்ப்போம் என்று 2023-இல் நிபந்தனை வைத்தது. மாநிலங்களிடம் விடுவது என்ற டிரம்ப் தரப்பின் நிலைப்பாட்டை ஒழுக்கரீதியில் நியாயப்படுத்த முடியாதது என்றுகூடக் கண்டித்தது. எதுவும் நடக்கவில்லை. அயோவா கவர்னர் கிம் ரெனால்ட்ஸும், அங்கே கிறிஸ்தவ வாக்காளர்களிடையே செல்வாக்குள்ள பாப் வாண்டர் பிளாட்ஸும் டிசான்டிஸை ஆதரித்தார்கள். அப்படியும் 2024 ஜனவரி 15 அன்று டிரம்ப் 51 சதவீதம் வாங்கினார். டிசான்டிஸுக்கு 21, ஹேலிக்கு 19. அந்த ஏப்ரலில் டிரம்ப் இது மாநிலங்களின் வேலை என்று முடித்துவிட்டார். ஜூலையில் கட்சியின் கொள்கை அறிக்கையிலிருந்து, பல பத்தாண்டுகளாக இருந்துவந்த, கருவுக்குத் தேசிய அளவில் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை காணாமல் போனது. அக்டோபரில், தேசியத் தடை மசோதா வந்தால் ரத்து செய்வேன் என்றே சொன்னார்.

ஆனால் வெற்றி வாய்ப்பு என்ற கோணத்தில் அவருடைய கணக்கு சரி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 ஆகஸ்டில் கான்சாஸிலும், 2023 நவம்பரில் ஒஹாயோவிலும், குடியரசுக் கட்சியின் கோட்டை போன்ற மாநிலங்களிலேயே மக்கள் கருக்கலைப்பு உரிமையின் பக்கம் வாக்களித்தார்கள். 2024 நவம்பரில் மிசூரியில் டிரம்ப் பெரிய வித்தியாசத்தில் வென்ற அதே நாளில், அங்கே கருக்கலைப்பு உரிமைத் திருத்தமும் வென்றது. புளோரிடாவில் அத்தகைய திருத்தத்துக்கு 57 சதவீதம் கிடைத்தது, 60 தேவை என்பதால் மட்டுமே தோற்றது. ஒரே வாக்காளர் டிரம்ப்புக்கும் கருக்கலைப்பு உரிமைக்கும் சேர்த்து வாக்களிக்க முடிந்தது என்றால், டிரம்ப் அந்த விஷயத்திலிருந்து விலகி நின்றதும் அதற்கு ஒரு காரணம். பென்ஸ் வேட்பாளராக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

இப்போது அதிபரின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். 2023-இல் அமெரிக்காவில் நடந்த கருக்கலைப்புகள் 10 லட்சத்தைத் தாண்டின. பத்தாண்டுகளுக்கு மேலாகக் காணாத எண்ணிக்கை அது. அதுவும் ரோ விழுந்த பிறகு! அவற்றில் 63 சதவீதம் மாத்திரை மூலம் நடந்தவை. மிஃபெப்ரிஸ்டோன் என்ற அந்த மாத்திரைக்கு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2000-இல் அனுமதி கொடுத்தது. மருத்துவரை நேரில் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்ற விதியை பைடன் அரசு 2021-இல் எடுத்துவிட்டது. இப்போது நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் டெக்சாஸுக்குத் தபாலில் அனுப்புகிறார், அவருடைய மாநிலச் சட்டம் அவரைக் காக்கிறது. இந்த விதியை மாற்ற 60 செனட்டர்கள் வேண்டாம். அந்த நிர்வாகத்தின் தலைவரை நியமிப்பவர் அதிபர். கருக்கலைப்புப் பொருட்களைத் தபாலில் அனுப்புவதைத் தடுக்கும் 1873-ஆம் ஆண்டுக் காம்ஸ்டாக் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது என்று சொல்லும் நீதித்துறையும் அதிபருடையது. கருக்கலைப்புக்குத் துணைபோகும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு அமெரிக்க உதவியை மறுக்கும் மெக்சிகோ நகரக் கொள்கை 1984-இல் ரீகன் கொண்டுவந்தது, அதன்பின் கட்சி மாறும்போதெல்லாம் ஒரு கையெழுத்தில் போய் ஒரு கையெழுத்தில் வருகிறது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் கர்ப்பிணிக்கு மருத்துவமனை என்ன செய்தாக வேண்டும் என்ற மத்திய அரசின் வழிகாட்டுதலும் அப்படித்தான்.

இந்த விஷயங்களில் ஒன்றையாவது 2023-இல் வேட்பாளர்களிடமிருந்து எழுத்தில் வாங்கினார்களா? முழு இயக்கமும் 15 என்ற எண்ணைத்தான் துரத்திக்கொண்டிருந்தது. செனட்டில் நிறைவேறவே வாய்ப்பில்லாத ஒன்றுக்கு வாக்குறுதி கேட்டு, அதிபர் முதல் வாரத்திலேயே செய்யக் கூடியதைக் கேட்காமல் விட்டார்கள். விளைவு 2025-இல் தெரிந்தது. டிரம்ப் மெக்சிகோ நகரக் கொள்கையைத் திரும்பக் கொண்டுவந்தார், சிறையிலிருந்த எதிர்ப்பு இயக்கத்தினருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார், பிளாண்ட் பேரண்ட்ஹுட்டுக்கு, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பணத்தை ஓராண்டுக்கு நிறுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவசர சிகிச்சை பற்றிய பைடன் கால வழிகாட்டுதலை அவருடைய அரசு ஜூனில் விலக்கிக்கொண்டது. டெக்சாஸ் பெண்ணின் கதையை நினைத்தால் இது எனக்குக் கவலை தருகிறது. ஆனால் மாத்திரை? சுகாதாரத் துறையை ராபர்ட் கென்னடி ஜூனியரிடம் கொடுத்தார், அவர் மறு ஆய்வு செய்வதாகச் சொன்னார். இலையுதிர்காலத்தில் அதே நிர்வாகம் இன்னொரு நிறுவனத்தின் மிஃபெப்ரிஸ்டோனுக்கும் அனுமதி கொடுத்தது.

ஆக, 2024-இல் யாரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்? இந்த ஒரு விஷயத்துக்காக மட்டுமே வாக்களிப்பவர், செய்ததை வைத்து முடிவெடுக்க விரும்பினால், டிசான்டிஸ். தன் மாநிலத்தில் அரசியல் விலை கொடுக்க நேரும் என்று தெரிந்தும் கையெழுத்திட்டவர் அவர். நாட்டு மக்களில் பெரும்பாலோர் இன்னும் தன் பக்கம் வரவில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, அவர்களோடு பேச ஆரம்பிக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு ஹேலி. என் தேர்வு அவராக இருந்திருக்கும். பெண்ணைக் குற்றவாளி ஆக்காத மொழியில், செனட் கணக்கை மறைக்காமல் பேசிய ஒரே வேட்பாளர் அவர். பென்ஸின் நேர்மையை மதிக்கிறேன், அவர் கேட்ட தடையை ஆதரிக்கவில்லை. டிரம்ப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் 2016-இன் நன்றிக்கடனைத் தீர்த்தார்கள் என்று சொல்லலாம், அதில் தவறில்லை. ஆனால் பதிலுக்குப் புதிதாக எதையும் எழுதி வாங்காமலேயே தீர்த்துவிட்டார்கள்.

அடுத்தது 2028. அதிகம் பேசப்படும் பெயர் ஜே.டி. வான்ஸ். 2023 ஜனவரியில், காம்ஸ்டாக் சட்டத்தை அமல்படுத்தி மாத்திரைத் தபாலை நிறுத்த வேண்டும் என்று நீதித்துறைக்குப் போன கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 2024 ஜூலையில், துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன், அந்த மாத்திரை மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை ஆதரிப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். இரண்டில் எது அவருடைய நிலை, உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு யாரைத் தலைவராக்குவார், கர்ப்பிணியின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது மருத்துவருக்கு அவர் தரும் உத்தரவாதம் என்ன என்பதை காகஸுக்கு முன்பே, அவருக்கு அந்த வாக்குகள் தேவைப்படும்போதே கேட்டு, பெயரோடும் கையெழுத்தோடும் வாங்கிவிட வேண்டும்.